மானும் மதியும்

திங்கள் என்னும் சொல் தமிழில் வானத்து நிலவையும் குறிக்கும்; மாதத்தையும் குறிக்கும். ஆங்கிலத்திலும் மாதத்தைக் குறிக்கும் சொல் நிலவைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. மனிதன் தொடக்கத்தில் காலத்தை அளந்த கோல் நிலவே என்பதற்கு இச்சொற்கள் சான்று. உழவன் விதைக்கவும், பரதவன் வலை வீசவும், வேட்டுவன் காட்டுக்குள் புகவும் நிலவை நோக்கினர். ஆதலால், காட்டு விலங்கின் வாழ்வையும் நிலவே நடத்துகின்றது என்ற எண்ணம் தோன்றியதில் வியப்பில்லை.

அவ்வெண்ணங்களுள் ஒன்று மான் வேட்டையைப் பற்றியது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மான்கள் இலையுதிர் காலத்தில் இணைசேரும். ஏனைய நாட்களில் மறைந்தே திரியும் கலை, அப்பருவத்தில் அச்சத்தை மறந்து, இரையையும் மறந்து, பிணையைத் தேடி அலையும். ஐரோப்பியச் செம்மான் கழுத்துப் பருத்து, மலைச்சாரல் அதிர முழங்கும்; எதிர்ப்பட்ட கலையோடு கொம்பு கோத்துப் பொரும். வேட்டைக்காரனுக்கு இதனினும் வாய்ப்பான காலம் வேறில்லை. இப்பருவம் எந்நாளில் உச்சம் அடையும் என்பதை நிறைமதியே முடிவு செய்கின்றது என வேட்டைக்காரர் பலர் இன்றும் நம்புகின்றனர். இந்நம்பிக்கை எத்துணைப் பழையது? எத்துணை உண்மையானது? இவ்விரு வினாக்களுக்கும் வரலாறு தரும் விடை பலரும் எதிர்பாராதது.

முன்னோர் கண்ட அடையாளம்

கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், விலங்குகளின் வரலாறு பற்றிய தம் நூலில் மானின் இணைசேர் பருவத்தைக் குறித்துள்ளார். பிணை கருவுறுவது ஆர்க்டூரஸ் என்னும் விண்மீன் உதித்த பின்னர் என்பதும், அது எட்டுத் திங்கள் கருவைச் சுமக்கும் என்பதும் அவர் கூற்று. அவ்விண்மீனைத் தமிழர் சோதி என்றும் சுவாதி என்றும் வழங்குவர். செப்டம்பர்த் திங்களின் இடையில் விடியற்காலைக் கீழ்வானில் அது மீண்டும் தோன்றுவதையே கிரேக்கர் அதன் உதயம் என்றனர்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. கிரேக்கரின் மாதங்கள் நிலவை அடியொற்றியவை. கதிரவன் ஆண்டோடு ஒப்பிட, ஆண்டுதோறும் முன்னும் பின்னும் நகர்பவை. அரிஸ்டாட்டில் அம்மாதங்களின் பெயரையும் கூறுகின்றார். ஆயினும் அவற்றோடு விண்மீனின் உதயத்தையும் அடையாளமாக நிறுத்தினார். அவ்வுதயம் கதிரவன் ஆண்டில் ஏறத்தாழ ஒரே நாளில் நிகழ்வது.

இடைக்கால ஐரோப்பாவின் புகழ்பெற்ற வேட்டை நூல், பிரான்சின் தென்பகுதியில் ஃபுவா நாட்டை ஆண்ட காஸ்தோன் ஃபேபு என்னும் கோமான் 1387 ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கியதாகும். அவர் தம் வாழ்நாளை வேட்டையில் கழித்தவர். 1391 ஆம் ஆண்டில் கரடி வேட்டையாடித் திரும்பிய பொழுதே உயிர் நீத்தார். அந்நூலைப் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யார்க் கோமகன் எட்வர்ட் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சில இயல்களையும் சேர்த்தார். செப்டம்பரில் வரும் திருச்சிலுவைத் திருநாளை ஒட்டிக் கலைகள் இணைசேரத் தொடங்கும் என்பது அவ்வாங்கில நூல் தரும் செய்தி.

திருச்சிலுவைத் திருநாள் செப்டம்பர் 14 ஆம் நாள் வருவது. அக்காலத்து ஜூலியன் நாட்காட்டி இன்றைய நாட்காட்டிக்கு ஏறத்தாழ 9 நாள் பிந்தியிருந்தது. எனவே அந்நாள் இன்றைய கணக்கில் செப்டம்பர் 23 ஆம் நாளை ஒட்டி அமைகின்றது. பகலும் இரவும் ஒத்த அளவினவாக இருக்கும் நாள் அதுவே. கிறிஸ்தவத் திருநாள்களுள் நிலவைக் கணித்து ஆண்டுதோறும் இடம் மாறும் ஈஸ்டரும் உண்டு. மான் வேட்டையில் தோய்ந்தவர்களோ, இடம் மாறாத திருநாளையே இணைசேர் பருவத்துக்கு அடையாளமாகக் கொண்டனர்.

வேட்டுவன் நிலா

அவ்வாறாயின், நிலவுக்கும் மானுக்கும் தொடர்பு எங்ஙனம் கற்பிக்கப்பட்டது? இதற்கு ஒரு காரணம் ஆங்கில வழக்கிலேயே உள்ளது. பகலும் இரவும் ஒத்து நிற்கும் இலையுதிர் கால நாளை ஒட்டி வரும் நிறைமதியை ஆங்கிலேயர் அறுவடை நிலா என்பர். அதற்கு அடுத்த நிறைமதி வேட்டுவன் நிலா. இப்பெயர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே எழுத்தில் காணப்படுகின்றது.

நிலவு நாள்தோறும் சராசரி 50 நிமிடம் பிந்தி உதிக்கும். வடபுலத்து நாடுகளில் இலையுதிர் காலத்து நிறைமதியை ஒட்டிய நாட்களிலோ, இவ்விடைவெளி அரைமணி அளவாகவும் அதனினும் குறைவாகவும் சுருங்கும். நிலவின் பாதை அப்பொழுது கீழ்வானத்தோடு சாய்ந்து, தாழ்ந்து கிடப்பதே காரணம். ஆகவே, கதிரவன் மறைந்த சிறிது நேரத்தில் நிலவு எழுந்து, தொடர்ந்து பல மாலைகள் ஒளி தரும். அறுவடை முடிந்த வெறும் வயல்களில் அவ்வொளியில் விலங்குகள் தெளிவாகத் தெரியும்.

இந்நாட்களிலேதான் ஐரோப்பியச் செம்மானின் முழக்கமும் கேட்கின்றது. நிலவொளி நீள்வதும் கலை முழங்குவதும் ஒரே பருவத்தில் நிகழ்வதால், முன்னது பின்னதற்குக் காரணம் என எண்ணுதல் எளிது. உண்மையில் அவ்விரண்டையும் அப்பருவத்தில் நிறுத்துவது கதிரவன் ஆண்டே. ஒரு தாய் ஈன்ற இரு மக்களுள் ஒருவரை மற்றவருக்குத் தந்தை என்று கொண்டது போன்றது இப்பிழை.

நிலவொளியும் சட்டமும்

வேட்டையில் நிலவுக்குப் பங்கே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. அது தரும் ஒளி உண்மை. ஜெர்மனியில் காட்டுப்பன்றி வேட்டையே இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1952 ஆம் ஆண்டின் கூட்டரசு வேட்டைச் சட்டம், மான் முதலிய குளம்புடைய விலங்குகளை இரவில் சுடலாகாது என விலக்கியது. காட்டுப்பன்றிக்கு மட்டும் விதிவிலக்கு அளித்தது. காட்டுப்பன்றி இணைசேர்வது பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை. அத்திங்கள்களில் பனி படர்ந்த நிலத்தின் மீது நிறைமதி ஒளி வீசும் இரவுகளில் வேட்டைக்காரர் பரண்களில் காத்திருப்பர். பனியின் வெண்மையில் பன்றியின் கரிய உருவம் தெளிவாகத் தெரியும். அண்மை ஆண்டுகளில் இரவுநோக்கிக் கருவிகளுக்குப் பல மாநிலங்கள் இடம் தந்துள்ளமையால், அங்கும் நிலவின் தேவை குறைந்து வருகின்றது.

இங்கிலாந்தில் 1963 ஆம் ஆண்டின் மான் சட்டம், கதிரவன் மறைந்து ஒரு மணி நேரத்திலிருந்து, மறுநாள் உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன் வரையில் மானைக் கொல்லுதலைத் தடுத்தது. 1991 ஆம் ஆண்டின் சட்டமும் அவ்விலக்கைப் பேணியது. ஜெர்மானியச் சட்டம் இவ்விடைவெளியை ஒன்றரை மணியாக வகுத்தது. இரு நாட்டுச் சட்டங்களும் இரவைக் கதிரவனைக் கொண்டே அளக்கின்றன. நிறைமதி நாளுக்கென மானுக்குத் தனி விதி வகுக்கவில்லை.

அச்சேறிய அட்டவணைகள்

இணைசேர் பருவத்தை நிலவு ஆள்கின்றது என்னும் கொள்கை நூல் வடிவில் பரவியது இருபதாம் நூற்றாண்டில், அமெரிக்காவில். 1926 ஆம் ஆண்டில் ஜான் ஆல்டன் நைட் என்பவர், கதிரவனும் நிலவும் நிற்கும் நிலையைக் கொண்டு மீன் இரை எடுக்கும் நேரத்தைக் கணிக்க முயன்றார். 1936 ஆம் ஆண்டு முதல் அவர்தம் அட்டவணைகள் அச்சில் வெளிவந்தன. மீனுக்கென எழுந்த கணக்கு வேட்டை விலங்குகளுக்கும் விரிந்தது.

பின்னர் 1990களில் சார்ல்ஸ் ஆல்ஷைமர் என்னும் வேட்டை எழுத்தாளர், வெள்வால் மானைப் பற்றி வேறொரு கொள்கையைப் பரப்பினார். 1999 ஆம் ஆண்டில் இதனை ஒரு நூலாகவும் வெளியிட்டார். இலையுதிர் காலத்தில் பகலிரவு ஒத்த நாளுக்குப் பின் வரும் இரண்டாம் நிறைமதியே வட அமெரிக்காவின் வடபகுதியில் பிணைகளை இணைசேரத் தூண்டுகின்றது என்பது அக்கொள்கை. அவர் பல்லாண்டுகள் காட்டில் மானை நேரில் கண்டவர்; ஆதலின் அவர் சொல்லுக்கு மதிப்பு மிகுந்தது.

கரு சொல்லும் கணக்கு

இக்கொள்கையை ஆய்ந்து பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டாம் நிறைமதி ஓராண்டில் அக்டோபர் நான்காம் வாரத்தில் வரும். வேறோர் ஆண்டில் நவம்பர் மூன்றாம் வாரத்தில் வரும். கொள்கை மெய்யாயின், மான்கள் கருவுறும் நாளும் ஏறத்தாழ ஒரு திங்கள் அளவு முன்பின்னாக நகர வேண்டும். அடுத்த ஆண்டில் கன்று ஈனும் நாளும் அவ்வாறே நகர வேண்டும்.

பிணை கருவுற்ற நாளை அறியும் முறை முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. சாலையில் ஊர்தி மோதி இறந்த பிணைகளின் வயிற்றிலுள்ள கருவின் நீளத்தை அளந்தால், அதன் வயதைக் கணிக்கலாம். அவ்வயதைப் பின்னோக்கி எண்ணினால் கருவுற்ற நாள் கிடைக்கும். நியூயார்க் மாநிலத்து மான்களின் இணைசேர் பருவம் பற்றி சீட்டம், மார்ட்டன் என்னும் இருவர் 1946 ஆம் ஆண்டிலேயே ஆய்வுரை வெளியிட்டனர். பின்னர் பென்சில்வேனியாவிலும் ஏனைய வடமாநிலங்களிலும் கருக்களை அளந்து கண்ட முடிவு ஒன்றே: பெரும்பாலான பிணைகள் நவம்பர்த் திங்களின் இடைப்பகுதியை ஒட்டியே கருவுறுகின்றன. நிறைமதி முந்தி வந்த ஆண்டிலும் பிந்தி வந்த ஆண்டிலும் அக்காலம் பெயரவில்லை.

கடல் கடந்த சான்று

வரலாறு தானாகவே நடத்திய இரு சோதனைகள் இதனினும் தெளிவானவை. 1861 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதிச் செம்மான்கள் கப்பலில் கொண்டு செல்லப்பட்டு, நியூசிலாந்தின் நெல்சன் பகுதியில் விடப்பட்டன. இங்கிலாந்தில் அவ்வினம் செப்டம்பர், அக்டோபரில் முழங்கும். நியூசிலாந்தில் அதன் வழிவந்த மான்கள் மார்ச்சு இறுதியிலும் ஏப்ரலிலும் முழங்குகின்றன. இங்கிலாந்தில் நிறைமதியாயின் நியூசிலாந்திலும் அதே நிறைமதிதான். இரு நாடுகளுக்கும் வேறுபடுவது நிலவு அன்று. பகல் சுருங்கும் காலமே.

மற்றொன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நிகழ்ந்தது. அங்குப் பெரும்பாலான வெள்வால் மான்கள் ஜனவரியில் இணைசேரும். ஆயினும், மாநிலத்தின் வடபகுதியிலுள்ள பேங்ஹெட் காட்டு மான்கள் நவம்பரிலேயே இணைசேர்கின்றன. 1920களில் மிச்சிகனிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட மான்களின் வழியினர் அவை. ஒரே மாநிலம், ஒரே வானம், ஒரே நிலவு. பருவங்களுக்கு இடையே இரு திங்கள் வேற்றுமை. முன்னோர் வழி வந்த உடற்பண்பும் பருவத்தை வகுப்பதில் பங்கு பெறுகின்றது என்பதை இது காட்டுகின்றது.

பகற்பொழுதின் ஆட்சி

மானின் உடல் பகற்பொழுதின் அளவை எவ்வாறு அறிகின்றது என்பதையும் அறிவியல் விளக்கியுள்ளது. மூளையின் நடுவே கூம்புச் சுரப்பி என்றொரு சிறு உறுப்பு உள்ளது. அதிலிருந்து மெலட்டோனின் என்னும் சுரப்பு நீரை ஆரன் லெர்னர் குழுவினர் 1958 ஆம் ஆண்டில் பிரித்தறிந்தனர். அது இருளில் சுரப்பது. இரவு நீள நீள, அது சுரக்கும் நேரமும் நீளும். அதனைக் கொண்டே உடல் பருவத்தை உணர்கின்றது. ரிச்சர்ட் காஸ் என்னும் அமெரிக்க அறிஞர் ஜப்பானிய சிகா மான்களைச் செயற்கை ஒளியில் வளர்த்து, ஓராண்டின் பகல் மாற்றங்களை அரையாண்டுக்குள் அடக்கிக் காட்டினார். அம்மான்கள் ஆண்டுக்கு ஒரு முறைக்குப் பதில் இரு முறை கொம்பு உதிர்த்து முளைத்தன. 1969 ஆம் ஆண்டில் இவ்வாய்வு வெளிவந்தது. கதிரவன் ஒளி நிறைமதி ஒளியைப் போல் ஏறத்தாழ 4,00,000 மடங்கு மிக்கது என்பதையும் நினைவில் கொள்ளல் வேண்டும்.

இவ்வொழுங்கு கன்றின் உயிரைக் காப்பது. வெள்வால் மான் ஏறத்தாழ 200 நாள் கருச் சுமக்கும். நவம்பரில் கருவுற்றால், தழை செழிக்கும் காலத்தில் கன்று பிறக்கும். ஒரு திங்கள் முந்தினால் குளிர் கொல்லும்; ஒரு திங்கள் பிந்தினால், அடுத்த குளிர்காலத்துக்குள் கன்று உடல் தேறாது. ஆண்டுதோறும் நகரும் நிறைமதியை நம்பியிருந்தால் வடபுலத்தில் மானினம் பெருகியிராது. ஸ்காட்லாந்தின் ரம் தீவில் 1980 முதல் 2007 வரை செம்மான்களைக் கணக்கிட்டதில், இணைசேர்தலும் ஈனுதலும் உள்ளிட்ட நிகழ்வுகள் 5 முதல் 12 நாள் வரை முந்தியமை தெரிந்தது. அங்கு வளர்நாட்கள் வெப்பம் மிகுந்தமையோடு இதனைத் தொடர்புபடுத்துவர்.

நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் இவ்வுண்மையின் மறுபுறத்தைக் காணலாம். சிங்கப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேற்றுமை ஏறத்தாழ 9 நிமிடமே. வெப்பமண்டலக் காட்டுக் கடமானுக்கு வடபுலத்து மானைப் போல் இறுகிய இணைசேர் பருவம் இல்லை. நிலவோ இங்கும் திங்கள்தோறும் நிறைந்து தேய்கின்றது. நிலவே ஆசானாயின், இங்குள்ள மானும் அதனிடம் பாடம் கேட்டிருக்கும்.

வேட்டைப் பருவத்தை வகுக்கும் அரசினர்க்கு இவ்வாய்வு பெரிதும் பயன்படுவது. எந்நாளில் வேட்டை தொடங்கலாம், எந்நாளில் முடிய வேண்டும் என்பதைக் கருவின் கணக்கைக் கொண்டு வகுத்தால் இனம் நிலைக்கும். அட்டவணையை நம்பி வகுத்தால் கேடு விளையும். பழமையின் பெயரால் வழங்கும் நம்பிக்கை யாவும் பழமையானவை அல்ல என்பதும் இவ்வரலாற்றால் விளங்கும். அரிஸ்டாட்டிலும் இடைக்கால வேட்டைக்காரரும் கதிரவன் ஆண்டைக் கொண்டு சரியாகக் குறித்ததை, இருபதாம் நூற்றாண்டின் அச்சிட்ட அட்டவணைகள் நிலவின் மேல் ஏற்றின. நிலவு வேட்டுவனுக்கு விளக்கு. மானுக்கு நாட்காட்டி கதிரவனே.