மண்ணும் சக்கரமும் மனிதரும்

வெள்ளாற்றங்கரையில் அமைந்த பெண்ணாடம், தமிழரின் சிந்தனை வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊர். 13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தக் கொள்கைகளைச் சூத்திரங்களாக வடித்துத் தந்த மெய்கண்டார் பிறந்த தலம் இது என்பது மரபு. அச்சிந்தனை மரபினர் உலகத்தின் தோற்றத்தை விளக்க அடிக்கடி எடுத்தாளும் உவமை ஒன்று உண்டு. குடம் ஒன்று உருவாக மண் வேண்டும், அது முதற்காரணம். தண்டும் சக்கரமும் வேண்டும், அவை துணைக்காரணம். வனையும் குயவர் வேண்டும். அவர் நிமித்த காரணம்.

குருமடத்தில் அரிஸ்டாட்டிலின் காரணக் கொள்கையையும் அதற்குப் புனித தோமா அக்குவினார் தந்த விளக்கத்தையும் பயின்றவன் நான். பின்னாளில் இவ்வுவமையைக் கேட்டபோது, அயலூரில் நம் உறவினர் ஒருவரைக் கண்டாற்போன்ற மகிழ்ச்சி ஏற்பட்டது. மேலைச் சிந்தனையாளர்கள் இவற்றோடு இறுதிக் காரணம் என்ற ஒன்றையும் வலியுறுத்தினர். குடம் எதற்காக, யாருக்காக என்பதே அது. மண், சக்கரம், குயவர், நோக்கம் ஆகிய நான்கையும் மனத்தில் இருத்திக்கொண்டு, பெண்ணாடம், விருத்தாசலம் வட்டாரத்தின் அண்மைக் கால வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

மட்பாண்டத் தொழில் நடந்த வீடுகளில் இல்லம் வேறு, தொழிற்கூடம் வேறு என்றிருந்ததில்லை. ஏரி மண்ணை மிதித்துப் பதப்படுத்துவது, சக்கரத்தில் வனைவது, தட்டி வடிவமைப்பது, நிழலில் உலர்த்துவது, சூளை அடுக்குவது என எல்லாம் ஒரே முற்றத்தில் குடும்பத்தார் அனைவரின் கைகளாலும் நடந்தன. சோற்றுப் பானையும், குழம்புச் சட்டியும், தண்ணீர்க் குடமும் உடையக்கூடியவை. ஆதலால் தேவை என்றும் குறையவில்லை. உடையும் தன்மையே குயவர் வீட்டு அடுப்பை எரிய வைத்தது எனலாம்.

1920களின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், பெண்ணாடம், அரியலூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு இருப்புப்பாதை அமைந்தது. தொலைதூரத்துச் சரக்குகள் உள்ளூர்ச் சந்தைக்கு வருவது அதனால் எளிதாயிற்று. காலப்போக்கில் அலுமினியப் பாத்திரமும், அதன்பின் எவர்சில்வரும் அடுக்களையைப் பிடித்தன. உடையாத பாத்திரம் வந்ததில் இல்லத்தரசிக்கு ஆதாயமே. மணமகளின் சீர்வரிசையில் எவர்சில்வர் குடம் ஏறியது. மண்பானைக்கோ பொங்கலும், அகல் விளக்குக்குக் கார்த்திகையும் மட்டுமே மிஞ்சின. இம்மாற்றத்தைப் புகுத்த எவரும் ஆணை பிறப்பிக்கவில்லை. துணைக்காரணம் மாறியது, நிமித்த காரணராயிருந்தவர் மெல்ல ஒதுங்கினார்.

அடுத்த மாற்றம் அரசின் திட்டத்தோடு வந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதுவே நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் சோவியத் நாட்டின் ஒத்துழைப்புடன் அமைந்த அனல் மின் நிலையத்தில் மின் உற்பத்தி தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கிராமங்களை விட்டுப் பல குடும்பங்கள் பெயர்ந்து சென்றதும் இவ்வரலாற்றின் பகுதியே. நம் வீட்டு விளக்கின் வெளிச்சத்தில் அவர்களுடைய நிலமும் கலந்திருக்கிறது என்பதை மறத்தலாகாது.

நிலக்கரியை எடுக்குமுன் அதன்மேல் கிடக்கும் மண்ணை அகற்றவேண்டும். அவ்வாறு அகற்றப்பட்ட மண்ணில் வெண்களிமண்ணும் இருந்தது. அதைக் கழுவித் தூய்மையாக்கும் ஆலையும் நெய்வேலித் திட்டத்தில் இடம்பெற்றது. அருகிலுள்ள விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை உருவாயிற்று. பீங்கான் தொழில்நுட்பத்தைப் பயிற்றுவிக்கும் அரசுக் கல்வி நிலையமும் அங்கு அமைந்தது. தனியே பெருஞ்சூளை கட்ட வசதியற்ற சிறு தொழில்முனைவோர் தம் பொருள்களைப் பொதுச் சூளையில் சுட்டுக்கொள்ளவும் வழி ஏற்பட்டது. நல்ல கொள்கை என்பது இத்தகையதே: எளியவர் தனித்து அடைய முடியாத கருவியைப் பொதுவாக்கித் தருவது.

பீங்கான் செய்யும் முறை குயவரின் முறையினின்று வேறானது. வெண்களிமண்ணோடு படிகக்கல் தூளும் பெல்ஸ்பார் தூளும் சேர்த்து அரைக்கிறார்கள். கூழ்போன்ற அக்கலவையைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, ஓரத்தில் கலவை இறுகி வடிவம் பெறுகிறது. உலர்ந்தபின் விளிம்பைச் சீர்செய்து, மெருகுப் பூச்சிட்டு, 1200 பாகை செல்சியசை ஒட்டியும் அதற்கு மேலும் செல்லும் வெப்பத்தில் சுடுகிறார்கள். இங்கே சக்கரம் இல்லை, அச்சு உண்டு. வீட்டு முற்றம் இல்லை. கூலியும் வேலை நேரமும் உண்டு. பிறப்பினால் குயவரல்லாதோரும், பெண்களும் இத்தொழிலுக்குள் வந்தனர். சாதியின் வேலியை அச்சு ஓரளவு தளர்த்தியது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவ்வட்டாரத்துப் பீங்கானில் பொம்மைகளும், கோப்பைகளும், ஊறுகாய் ஜாடிகளும் உருவாயின. அவற்றைக் காட்டிலும் நம் வாழ்வை அமைதியாக மாற்றிய பொருள் ஒன்று உண்டு. வீட்டு மின்பலகையில் இருந்த வெண்ணிறப் பியூஸ் கேரியரே அது. மின்சாரம் பாயாத தன்மை பீங்கானுக்கு உண்டு. ஆகவே கம்பத்திலும் வீட்டிலும் மின்சாரத்துக்குக் காவலாய் நின்றது அதுவே. நிலத்தடியிலிருந்த கரி மின்சாரமாகி வீட்டுக்கு வந்தது. அதே நிலத்தின் மண் அதற்குக் காவலாக வந்தது. பாண்டமாக அடுக்களையை விட்டு வெளியேறிய மண், வேறு வடிவில் சுவரேறி வீட்டுக்குள் திரும்பியது எனலாம்.

மின்சாரத்தை வீடுதோறும் கொண்டுசென்றது பொறியியல் மட்டுமன்று, கொள்கையும்தான். 1957இல் தமிழ்நாடு மின்சார வாரியம் தோன்றியது. எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் குடிசைகளுக்கு ஒரு விளக்கு இணைப்பு இலவசமாயிற்று. 1990இல் உழவர் அனைவருக்கும் பம்புசெட்டு மின்சாரம் இலவசமாயிற்று. 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டம் தொடங்கியது. 1950களில் கோயம்புத்தூரில் உருவான கிரைண்டர், அரை நூற்றாண்டு கழித்து ஏழைக் குடும்பத்தின் வாசலுக்கு அரசின் வழியாக வந்து சேர்ந்தது.

இலவசம் என்று இவற்றை ஏளனம் செய்வோர் உளர். ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து நாள்தோறும் மாவாட்டிய பெண்ணின் தோளைக் கேட்டறிந்தபின் அவர்கள் பேசுவது நலம். இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது வயது முதிர்ந்த தாய்மார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அம்மியையும் ஆட்டுக்கல்லையும் பழைமையின் அழகென்று அவர்கள் போற்றுவதில்லை. அதே வேளையில் வேறொன்றும் நிகழ்ந்தது. அரைக்கும் நேரம் குறைந்ததால் பெண்ணுக்குக் கிடைத்த பொழுது ஓய்வாக மாறியதா? பல வீடுகளில் அது கூலி வேலைக்கும் சுயஉதவிக் குழுக் கடனுக்கும் உரிய பொழுதாக மாறியது. கருவி வேலையைக் குறைத்தது. வேலையைப் பகிர்ந்துகொள்ள ஆடவருக்கு அது கற்பிக்கவில்லை. அதைக் கற்பிக்கும் பொறுப்பு நம் இல்லங்களுடையது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைத் தாக்கியது. மின்கம்பங்கள் பெருந்தொகையாய்ச் சாய்ந்தன. பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் மூழ்கின. கொல்லையில் கிடந்த அம்மியைக் கழுவி உள்ளே கொண்டுவந்த வீடுகள் உண்டு. எத்துணை நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நம் அடுப்பு பிணைந்துள்ளது என்பதை அப்புயல் உணர்த்திற்று.

அச்சங்கிலியின் முதற்கண்ணிகளும் தேய்ந்துவிட்டன. 2001 ஏப்ரல் முதல் இறக்குமதி மீதான அளவுக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் நீங்கின. வெளிநாட்டுப் பொம்மைகளும் கோப்பைகளும் மலிவாகக் கடைக்கு வந்தன. வீட்டு மின்பலகையில் பியூஸ் கேரியரின் இடத்தைத் தானாகவே துண்டித்துக்கொள்ளும் நெகிழிச் சுவிட்சு கைப்பற்றியது. அது பாதுகாப்பானது, மறுப்பதற்கில்லை. நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையமும் 2020இல் தன் பணியை நிறுத்திக்கொண்டது. ஒரு காலத்தில் மண்பானைக்கு நேர்ந்தது, பின்னர் பீங்கானுக்கும் நேர்ந்தது. புதுமை என வந்த கருவியும் ஒருநாள் பழையதாகிறது. அப்போது கருவியை எறிந்துவிடலாம். அதனோடு உழைத்த மனிதரை என்செய்வது?

இக்கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. படிகக்கல் தூள் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோய் வரும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அதை அறிவிக்கப்படவேண்டிய நோய்களுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆயினும் மின்சாரம் பயன்படுத்தும் இடமாயின் 10 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை எனப் பொதுவாகக் கொள்ளப்பட்டது. 2020இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அவ்வெண்ணை 20 ஆக உயர்த்தியது. சிறு பட்டறையின் தூசு எண்ணிக்கை பார்த்து நெஞ்சில் நுழைவதில்லை. அந்நோய் தொழிற்கூடத்தோடு நிற்பதுமில்லை. மாலையில் தொழிலாளியுடன் வீட்டுக்கு வருகிறது. இரவெல்லாம் இருமும் கணவருக்கு வெந்நீர் வைக்கும் மனைவியின் பொழுதும் பொதுக் கொள்கையின் கணக்கில் சேர வேண்டியதே.

1891இல் தொழிலாளர் நிலை குறித்துத் திருச்சபை முதற் சமூகச் சுற்றுமடலை வெளியிட்டது. அதன் 90ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைக் குறித்து எழுதினார். தொழில்நுட்பம் மனிதருக்குத் துணைவன். ஆயினும் அது மனிதரின் இடத்தைப் பறித்துக்கொள்ளுமாயின் ஏறத்தாழப் பகைவனாகிவிடும் என்பது அம்மடல் விடுத்த எச்சரிக்கை. உழைப்பு மனிதருக்காக, மனிதர் உழைப்புக்காக அல்லர் என்பது அதன் சாரம். பெண்ணாடத்துச் சிந்தனை மரபின் சொற்களில் இதைக் கூறுவதாயின், துணைக்காரணம் துணையாகவே நிற்க வேண்டும். நிமித்த காரணத்தின் இருக்கையில் அது அமரலாகாது.

ஆகவே புதிய கருவியோ புதிய திட்டமோ நம் ஊருக்குள் வரும்போது, அதை அஞ்சி விரட்டவும் வேண்டா. வியந்து வணங்கவும் வேண்டா. மூன்று வினாக்களை எழுப்பினால் போதும். இதனால் யாருடைய சுமை குறைகிறது? யாருடைய கை வெறுமையாகிறது? வெறுமையான அக்கைக்கு வேறு என்ன தரப்போகிறோம்? கிராமசபையிலும், தொழிற்சங்கத்திலும், பங்குப் பேரவையிலும் இவ்வினாக்களை எழுப்பும் உரிமை நமக்கு உண்டு. எழுப்ப வேண்டிய கடமையும் உண்டு.

பல வீடுகளின் அடுக்களை மூலையில் உப்பும் ஊறுகாயும் வைத்த பழைய பீங்கான் ஜாடி இன்றும் நிற்கிறது. அடுத்த முறை அதன் மூடியைத் திறக்கும்போது, அதை அச்சில் வார்த்து, விளிம்பு சீர்செய்து, சூளையில் அடுக்கிய கைகளை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.