வாக்குப்பெட்டியிலிருந்து நீதிபீடத்திற்கு

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நடத்திக்கொண்டிருந்த ஒரு நாளில், மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: பாண்டியனே அரசன், பாண்டியனே நீதிபதி, அன்று குடிகளுக்கு வேறு வழியில்லை. இன்று சட்டமன்ற உறுப்பினரை நாமே தேர்ந்தெடுக்கிறோம். நீதிபதியை மட்டும் ஏன் தேர்ந்தெடுப்பதில்லை? மறைமலை நகரைச் சுற்றியுள்ள ஆலை ஒன்றில் வேலை பார்ப்பவரின் மகள் அவள். அன்றைக்கு நாம் சொன்ன பதில் நமக்கே நிறைவளிக்கவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

நீதிபதியை மக்களே தேர்ந்தெடுக்கும் நாடு இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் மத்திய நீதிபதிகளை அதிபர் நியமிக்க, செனட் சபை ஒப்புதல் தருகிறது. ஆனால், அங்குள்ள பல மாநிலங்களில் மேல்முறையீட்டு நீதிபதிகளும் வாக்காளர் முன் நிற்கிறார்கள். 1832இல் தன் நீதிபதிகள் அனைவரையும் தேர்தலுக்கு உட்படுத்தி வழிகாட்டியது மிசிசிப்பி மாநிலம். ஆளுநரின் தயவை நம்பி நீதிபதி வாழக் கூடாது என்பதே அதன் பின்னிருந்த எண்ணம். நல்ல எண்ணந்தான். ஆயினும் அத்தயவின் இடத்தில் வேறொரு தயவு வந்து அமர்ந்தது. மேற்கு வர்ஜீனியாவில், ஐந்து கோடி டாலர் இழப்பீடு தரும்படி தீர்ப்புப் பெற்ற நிலக்கரி நிறுவனம் ஒன்று மேல்முறையீட்டிற்கு ஆயத்தமானது. அதன் தலைவர் 2004ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒரு நீதிபதி வேட்பாளருக்கு ஆதரவாகச் சுமார் முப்பது லட்சம் டாலர் செலவழித்தார். வேட்பாளர் வென்றார், மேல்முறையீட்டில் அந்நிறுவனத்தின் பக்கமே வாக்களித்தார். அவர் அவ்வழக்கிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

நமது அரசியல் சட்டம் அவ்வழியை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகளைக் குடியரசுத் தலைவரே நியமிக்கிறார். எனினும், மக்களிடம் வாக்குக் கேட்டு வென்ற ஒருவர் பின்னாளில் உச்ச நீதிமன்றம் வரை சென்ற வரலாறு நம்மிடம் உண்டு. அவர் வி.ஆர். கிருஷ்ணய்யர்.

1915 நவம்பர் 15 அன்று, பாலக்காட்டில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் சட்டம் பயின்று, தலச்சேரியில் தந்தையாரைப் பின்பற்றி வழக்கறிஞரானார். தொழிலாளருக்கும் குத்தகை விவசாயிகளுக்கும் வாதாடினார். 1948இல், கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்ற குற்றச்சாட்டில் ஏறத்தாழ ஒரு மாதம் சிறையிலிருந்தார். 1952இல் கூத்துப்பறம்பிலிருந்து சுயேச்சையாகச் சென்னைச் சட்டமன்றத்திற்குத் தேர்வானார். மலபார் அன்று சென்னை மாநிலத்தின் பகுதி. 1957இல் தலச்சேரியில் கம்யூனிஸ்டுக் கட்சியின் ஆதரவோடு வென்று, ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையில் சட்டம், சிறை, மின்சாரம், நீர்ப்பாசனம் உள்ளிட்ட துறைகளை ஏற்றார். முன்பு கைதியாயிருந்தவர், பத்தாண்டுக்குள் சிறைத்துறை அமைச்சர்.

அந்த அரசு 1959 ஜூலை 31 அன்று கலைக்கப்பட்டது. கலைக்க வேண்டும் என வலியுறுத்தியவர்களில் முதன்மையானவர் அப்போதைய காங்கிரஸ் தலைவர் இந்திரா காந்தி. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிருஷ்ணய்யர் 1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். சட்ட ஆணையத்திலும் சில காலம் பணியாற்றினார். 1973 ஜூலையில் உச்ச நீதிமன்றத்திற்கு வந்தார். முன்னாள் அமைச்சர், அதிலும் இடதுசாரி, நீதிபதியாகலாமா என வழக்கறிஞர் வட்டத்தில் எதிர்ப்பு எழுந்தது. அந்த ஐயத்தைப் புறக்கணிக்க இயலாது. அதற்கான சோதனை இரண்டே ஆண்டில் வந்தது.

1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டின் தடை மனு, கோடை விடுமுறைக்கால நீதிபதியாயிருந்த கிருஷ்ணய்யர் முன் வந்தது. தம் அமைச்சரவையைக் கலைக்கச் செய்தவர் என்ற பழைய மனக்கசப்பு ஒருபுறம். தம்மை உச்ச நீதிமன்றத்திற்கு அனுப்பிய அரசின் பிரதமர் என்ற நன்றிக்கடன் மறுபுறம். சட்ட அமைச்சர் கோகலே அவரைச் சந்திக்க விரும்பித் தொலைபேசியில் அழைத்தபோது, சந்திப்பு வேண்டாம், மனுவைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யலாம் என்று சொல்லிவிட்டார். ஜூன் 24 அன்று ஆணை வந்தது. பிரதமராகத் தொடரலாம், மக்களவைக்கும் செல்லலாம்; ஆனால் உறுப்பினராக வாக்களிக்கவோ ஊதியம் பெறவோ கூடாது. இரு தரப்பும் கேட்டது கிடைக்கவில்லை. மறுநாள் இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது.

அரசியலிலிருந்து அவர் கொண்டுவந்தது கட்சிப் பற்று அன்று. எளியவர் வாழ்வைப் பற்றிய நேரடி அறிவு எனலாம். 1978இல் சுனில் பத்ரா வழக்கில் தனிமைச் சிறைக்கும் விலங்குக்கும் அவர் அமர்வு வரம்பு விதித்தது. அடுத்த ஆண்டில், சக கைதி சித்திரவதைப்பட்டதைக் குறித்து அதே பத்ரா எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. சிறையை உள்ளிருந்தும், அமைச்சர் நாற்காலியிலிருந்தும் கண்ட ஒருவரின் கை இவற்றில் தெரிகிறது. சட்டம் இயற்றுவோரின் வேலையை அவர் எடுத்துக்கொண்டார் என்ற விமரிசனமும் உண்டு. மரண தண்டனையை மிகக் குறுக்கிய அவருடைய 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அளவுகோலை, மறு ஆண்டே அரசியல் சாசன அமர்வு ஏற்க மறுத்தது. 1980 நவம்பரில் ஓய்வு பெற்றார். 1987இல் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று, ஆர். வெங்கட்ராமனிடம் தோற்றார். 2014 டிசம்பர் 4 அன்று மறைந்தார்.

அம்மாணவிக்குச் சொல்ல இன்னொரு வழக்கு உள்ளது. 1978ஆம் ஆண்டின் மோத்தி ராம் வழக்கு. கொத்தனார் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்ப் பிணை கேட்ட நடுவர், பிணை நிற்க வந்த அவருடைய சகோதரர் வேறு மாவட்டத்தவர் என்று மறுத்துவிட்டார். ஏழைக்கு எட்டாத தொகையும், வெளியூர்க்காரர் என்ற மறுப்பும் நீதியாகா என்றார் கிருஷ்ணய்யர். தென்னாட்டவர் ஒருவர் வடக்கே கைதானால் உள்ளூர்ப் பிணைக்கு எங்கே போவார் என்று அத்தீர்ப்பில் கேட்டார். இன்று ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் உழைக்கிறார்கள். இங்கே நம் தேர்தலில் பெரும்பாலோருக்கு வாக்கில்லை. நீதிபதியை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தால், அவர் யாருக்குக் கடமைப்பட்டிருப்பார்? வாக்கில்லாத அக்கொத்தனாருக்கா?

நீதிபதி மக்களிடையே வாழ்ந்து, அவர்கள் துயரறிந்து வர வேண்டும். நாற்காலியில் அமர்ந்தபின் எவருடைய வாக்கையும் எதிர்பார்த்திருக்கக் கூடாது. இரண்டும் ஒருவரிடம் அமைவது அரிது. அரிது என்பதாலேயே, நியமிப்பவர் எங்கே தேடுகிறார் என்று கேட்டுக்கொண்டிருப்பது வாக்காளராகிய நம் வேலையாகிறது.