தாழிக்குள் நம்ம பூர்வீகம்

ஏரலுக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ முதுமக்கள் தாழிகளைத் தோண்டியெடுத்தார். அங்கே கிடைத்த மண்டையோடுகளை அளந்து, 1930-ல் சக்கர்மேன் இனம் பிரித்து எழுதினார்.

இன்று அளவுகோல் மாறிவிட்டது. நம் டி.என்.ஏ.வை உலக மக்கள் கூட்டங்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டு, 'இத்தனை சதவீதம் இன்னார்' என்கிறார்கள். ஆனா ஒண்ணு: மாதிரிப் பட்டியலில் இல்லாத கூட்டத்தின் பெயர் விடையிலும் வராது, நெருங்கிய சொந்தத்தின் பெயர்தான் வரும்.

2009-ல் ஐதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானிகளும் அமெரிக்கக் குழுவினரும் 25 இந்தியச் சமூகங்களைச் சேர்ந்த 132 பேரை ஆராய்ந்தார்கள். பெரும்பாலும் எல்லாச் சமூகமுமே இரண்டு பழங்கூட்டங்களின் கலப்பு; சதவீதம்தான் கூடும், குறையும்.

அப்புறம் இதுல மேல யாரு, கீழ யாரு? சாதிச் சண்டையில் ரத்தம் சிந்திய சீமை நம்முடையது. தாழிகளைப் பார்க்கப் போகும் தம்பி தங்கையர் இதை மனசுல வச்சுக்கணும்.