இரத்தக்கிரயமான 40 பவுண்டு

யூதாஸ் 30 வெள்ளிக்காசைத் தேவாலயத்திலே எறிந்துவிட்டுப் போனபின்பு, பிரதான ஆசாரியர் அதைக் காணிக்கைப் பெட்டியில் சேர்க்க மறுத்தார்கள். அது இரத்தக்கிரயம் என்று சொன்னார்கள். ஆனால் அந்தக் காசை எண்ணிக் கொடுத்த கைகள் தங்களுடையவையே என்பதை அவர்கள் நினைக்கவில்லை. காட்டிக்கொடுத்தவனின் பெயரை உலகம் இன்றளவும் மறக்கவில்லை; விலை கொடுத்தவர்களையோ நாம் அதிகமாய் எண்ணிப்பார்ப்பதில்லை. இந்த வாரம் அவர்களைக் குறித்து உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். இங்கிலாந்தின் வரலாற்றில் அதற்கு உதவும் ஒரு பகுதி உண்டு. குற்றவாளியைப் பிடித்துக் கொடுப்போருக்கு அரசு அளித்த வெகுமதிக்கு, அந்நாட்டு மக்கள் இரத்தக்கிரயம் என்ற இதே பெயரைச் சூட்டினார்கள்.

1692-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, வழிப்பறிக்காரன் ஒருவனைப் பிடித்து, அவன் குற்றவாளி என்று தீர்ப்பாகும்படி செய்கிறவருக்கு 40 பவுண்டு வழங்கியது. கூலித் தொழிலாளி ஒருவன் ஓராண்டு முழுதும் உழைத்தாலும் காணமுடியாத தொகை அது. திருடனே தன் கூட்டாளிகள் இருவரைக் காட்டிக்கொடுத்து அவர்களுக்குத் தண்டனை கிடைக்கச் செய்தால், அவனுக்கு மன்னிப்பும் உண்டு. அந்நாளில் லண்டனில் முறையான காவல்படை இல்லை. வழிப்பயணம் ஆபத்தாயிருந்தது. சட்டம் இயற்றியவர்கள் தீயவர்கள் அல்ல. அஞ்சியிருந்த மக்களுக்குப் பாதுகாப்புத் தேடியவர்கள். 1720-இல் லண்டனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நடக்கும் கொள்ளைகளுக்கு மேலும் 100 பவுண்டு சேர்க்கப்பட்டது.

இந்த வெகுமதியால் தழைத்தவன் ஜோனதன் வைல்ட். பகலில் அவன் திருடர்களைப் பிடிப்பவன். திரைமறைவில் திருடர்களின் தலைவன். களவுபோன பொருளை உரியவரிடம் மீட்டுக்கொடுத்துப் பணம் பெற்றான். தனக்குக் கீழ்ப்படிந்தவர்களைக் காப்பாற்றினான். எதிர்த்து நின்றவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தி வெகுமதி பெற்றான். 1725-இல் அவனே விசாரிக்கப்பட்டபோது, தான் தண்டனைக்கு உட்படுத்திய 60-க்கும் மேற்பட்டோரின் பட்டியலைத் தன் நற்சான்றாக வழங்கினான். அது அவனைக் காக்கவில்லை. அவ்வாண்டு மே 24 அன்று டைபர்னில் தூக்கிலிடப்பட்டான். ஆயினும் அவனை வளர்த்த வெகுமதி அவனோடு சாகவில்லை.

ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின், மெக்டானியல் என்பவனின் கும்பல் இன்னும் ஒருபடி கீழே இறங்கியது. வைல்ட் பிடித்துக் கொடுத்தவர்களில் பலர் திருடர்களாவது ஆவர். இவர்களோ திருடர்களை உருவாக்கினார்கள். ஜோசுவா கிடன் என்னும் ஏழை இளைஞனை, சாமான் தூக்கும் வேலை இருக்கிறது என்று சொல்லி டாட்டன்ஹாமுக்கு அழைத்துச் சென்றார்கள். கும்பலின் கையாளான ஒரு பெண், அவன் தன்னைக் கொள்ளையிட்டான் என்று சத்தியம் செய்தாள். 1754 பிப்ரவரியில் கிடன் தூக்கிலிடப்பட்டான். கும்பல் வெகுமதியைப் பங்கிட்டுக்கொண்டது. வேலை தேடி வந்தவன் அவர்களுக்கு 40 பவுண்டாகத் தெரிந்தான்.

அதே ஆண்டு, எல்லிஸ், கெல்லி என்னும் இரு இளைஞர்களை டெட்ஃபோர்டு அருகே ஒரு பொய்க் கொள்ளையில் சிக்கவைத்தார்கள். கொள்ளையிடப்பட்டவனும் கும்பலைச் சேர்ந்தவன். பிடித்தவனும் கும்பலைச் சேர்ந்தவன். ஆனால் பிளாக்ஹீத் பகுதியின் காவல் அதிகாரி ஜோசப் காக்ஸ் சந்தேகங்கொண்டார். இளைஞர்களை ஆசைகாட்டி அழைத்துச் சென்ற பிளீ என்பவனைப் பிடித்து விசாரித்தார். அவன் அனைத்தையும் ஒப்புக்கொண்டான். மெய்ட்ஸ்டன் நீதிமன்றத்திலேயே கும்பல் பிடிபட்டது. இரு இளைஞர்களும் தூக்குக்குத் தப்பினர்.

இங்கே சற்று நிதானித்துக் கவனியுங்கள். பிளீயும் தன் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்த குற்றவாளிதான். நம் நீதிமன்றங்களில் அப்ரூவர் என்று சொல்லப்படுகிறவர்களைப் போன்றவன். அவன் வாய் திறவாதிருந்தால் இரண்டு உயிர்கள் போயிருக்கும். ஆகையால் குற்றவாளியின் சாட்சி எப்போதும் பொய் என்று நாம் சொல்லக்கூடாது. உண்மையை அறிந்தும் சொல்லாதிருக்கும் சாட்சி தன் அக்கிரமத்தைச் சுமப்பான் என்பதே லேவியராகமம் தரும் போதனை. கேள்வி வேறு. அந்தச் சாட்சியை எதனோடு நாம் கட்டுகிறோம்? காக்ஸ் பிளீயின் சொல்லைப் பிற ஆதாரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 40 பவுண்டுச் சட்டமோ ஒரு தீர்ப்புக்கு விலை வைத்தது. உண்மை எதுவாயினும் விலை மாறவில்லை. ஒருவன் தண்டிக்கப்பட்டால் போதும்.

மோசேயின் நியாயப்பிரமாணம் எதிர்வழியில் சென்றதைப் பாருங்கள். பொய்ச்சாட்சி பிறனுக்குச் செய்ய நினைத்தது அவனுக்கே செய்யப்பட வேண்டும். மரணதண்டனையில் சாட்சிகளின் கையே முதலாவது ஓங்கப்பட வேண்டும். அங்கே சாட்சியின் தோளில் பாரம் வைக்கப்பட்டது. லண்டனில் சாட்சியின் கையில் பணம் வைக்கப்பட்டது.

விளைவு யாவரையும் தொட்டது. 1756-இல் அந்தக் கும்பலைச் சேர்ந்த ஈகன் என்பவன் பொது இடத்தில் மரச்சட்டத்தில் பூட்டப்பட்டு நின்றபோது, கோபங்கொண்ட கூட்டம் அவனைக் கல்லெறிந்து கொன்றது. கிடனைக் கொன்ற குற்றம் மற்றவர்கள்மேல் தீர்ப்பான போதும், பொய்ச்சாட்சியைக் கொலையெனக் கொள்ளலாமா என்ற சட்ட ஐயத்தால் தண்டனை நிறைவேறவில்லை. நேர்மையாய்ச் சாட்சி சொன்னவர்களையும், வெகுமதிக்காக வந்தவர்களோ என்று ஜூரிகள் ஐயத்தோடு நோக்கலாயினர். 1816-இல் காவல் பணியில் இருந்த சிலரே இதே வலையை விரித்தது அம்பலமாயிற்று. 1818-இல்தான் பாராளுமன்றம் அந்த வெகுமதிகளை ஒழித்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, அந்தப் பணம் பொதுமக்களின் பெயரால் கொடுக்கப்பட்டு வந்தது.

பிரியமானவர்களே, ஈகன்மேல் கல்லெறிந்தவர்களின் கோபம் நமக்கு விளங்குகிறது. ஆனால் விலை குறித்த சட்டத்தின்மேல் அன்று ஒரு கல்லும் விழவில்லை. நம்முடைய எல்லைக்குள்ளும் இது நடவாமலில்லை. அண்ணனின் தவற்றைச் சொல்லும் தம்பிக்கு மிட்டாய் கொடுக்கிறோம். சக ஊழியரைப் பற்றிக் கோள் சொல்லுகிறவரை அருகில் அமர்த்திக்கொள்கிறோம். சபையிலும், செய்தி கொண்டுவருகிறவருக்கு நம் செவியையும் தயவையும் கூலியாகத் தருகிறோம். அடுத்த வாரம் அவர் செய்தியில்லாமல் வரமாட்டார், இல்லாவிட்டால் உண்டாக்குவார்.

அநீதியைச் சொல்லுகிறவருக்குச் செவிகொடுங்கள், ஆராயுங்கள், அவரைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிறனுடைய வீழ்ச்சிக்கு விலை வைக்காதிருங்கள். ஆசாரியர் அந்த வெள்ளிக்காசைக் கொண்டு, அந்நியரை அடக்கம்பண்ணக் குயவனுடைய நிலத்தை வாங்கினார்கள். காசு கைமாறியது, நிலத்தின் பெயரோ இரத்தநிலம் என்றே நிலைத்தது.