ஆழாக்கு அரிசியும் அழகம்மாளும்

பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் போய்விட, ஊரில் ஒற்றையாக இருக்கும் அப்பத்தாமாரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒத்த ஆளுக்கு என்னத்தப் பொங்க? இருந்த கஞ்சியக் குடிச்சேன்" என்பார்கள். அடுப்பு மூட்டும் பாடு ஒரு ஆளுக்கும் ஒன்றுதான், பத்து ஆளுக்கும் ஒன்றுதான்.

அளவு தெரியாமல் இல்லை. நாலு உழக்கு ஒரு படி, எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆழாக்கு அரிசி ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்குத் தாராளம். நம் மானாவாரிக் காட்டில் அந்தக் காலத்தில் தினமும் அரிசிச் சோறு எங்கே இருந்தது? கம்பு, சோளம், குதிரைவாலிதான். கம்மஞ்சோற்றை ஒருநாள் கிண்டி, உருண்டை பிடித்துத் தண்ணீர்ப் பானையில் போட்டுவிட்டால் இரண்டு நாள் ஓடிவிடும். மோரும் உப்பும் கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் போதும். இதைச் சிக்கனம் என்று சொல்லிக்கொள்வோம். பாதி சிக்கனம், மீதி மனம் விட்டுப்போனது என்பது என் எண்ணம்.

இதை நினைக்கும்போதெல்லாம் திருச்சுழி அழகம்மாள் ஞாபகத்துக்கு வருவார். ரமண மகரிஷியின் தாயார். மகரிஷியின் உபதேசங்களைப் பற்றி எழுதப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் அடுப்படிப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கிறேன்.

அழகம்மாளின் கணவர் சுந்தரமய்யர் திருச்சுழியில் வக்கீல் தொழில் பார்த்தவர். வீட்டில் ஒரு பாதியை விருந்தாளிகளுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தாராம். அப்படியென்றால் அந்த வீட்டு அடுப்பு எத்தனை நேரம் எரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 1892-ல் அவர் காலமானார். மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரையில் ஒரு சித்தப்பா வீட்டுக்கும், அழகம்மாளும் சின்னப் பிள்ளைகளும் மானாமதுரையில் இன்னொரு சித்தப்பா வீட்டுக்குமாகக் குடும்பம் பிரிந்தது. 1896-ல் இரண்டாவது மகன் வேங்கடராமன் சொல்லாமல் கொள்ளாமல் திருவண்ணாமலைக்குப் போய்விட்டார். 1898-ல் அம்மா தேடிப் போய் அழுது கூப்பிட்டும் அவர் வரவில்லை. 1900-ல் மூத்த மகனும் இறந்தார்.

மலையில் மகனுக்குச் சாப்பாடு எப்படி நடந்தது? குகையில் சமையல் கிடையாது. யாராவது கொண்டுவந்தால் உண்டு. இல்லையென்றால் கூட இருந்தவர்கள் ஊருக்குள் பிச்சை எடுத்து வருவார்கள். கிடைத்ததை எல்லாம் ஒன்றாகக் கலந்து பங்கு வைப்பார்கள். உப்பு இல்லாத நாளிலும் உப்புக் கேட்டு வாங்குவதில்லை. இன்றைக்கு உப்பு என்றால் நாளைக்குப் பருப்பு, அப்புறம் பாயசம் என்று ஆசை நீளும் என்பது அவர் கணக்கு.

அங்கே வந்து சேர்ந்த பெண்கள் சிலர் நம் அப்பத்தாமாரைப் போலவே ஒற்றை ஆட்கள். கீரைப் பாட்டி மலையில் அலைந்து கீரை பறித்து, வீடு வீடாகச் சாமான் வாங்கி வந்து சமைப்பார். அதில் பெரும்பங்கு மகரிஷிக்கு. எச்சம்மாள் கணவரையும் பெற்ற பிள்ளைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். திருவண்ணாமலையிலேயே தங்கி, தினமும் சமைத்து மலைக்கு எடுத்துப் போனார். முதலியார் பாட்டி பார்வை போன பிறகும் சாப்பாட்டோடு வருவதை விடவில்லை. தனக்கு மட்டும் என்றால் இவர்கள் தினமும் அடுப்பு மூட்டியிருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான்.

1916-ல் அழகம்மாள் மகனோடு இருந்துவிடுவது என்று வந்தார். அவரை அங்கே தங்கவைப்பதில் சில சீடர்களுக்குத் தயக்கம் இருந்ததால் முதலில் எச்சம்மாள் வீட்டில் இருந்தார். பிறகு மலைக்கே போனார். ஜாகை கந்தாச்ரமத்துக்கு மாறியபின் அங்கே அடுப்பு எரியத் தொடங்கியது.

எந்தத் தாயும் நினைப்பதைத்தான் அவரும் நினைத்திருப்பார். இருபது வருஷம் பட்டினியும் பிச்சைச் சோறுமாகக் கிடந்த மகனுக்கு ஒரு பிடி வாய்க்கு ருசியாகப் போட வேண்டும். ஆனால் மகரிஷியிடம் அது நடக்கவில்லை. எது வந்தாலும் இருப்பவர் எல்லோருக்கும் சமமாகப் பங்கு. தனக்கென்று ஒரு கவளம் கூடுதலாக வைத்தால் ஒப்ப மாட்டார். ஒரு ஆளுக்காக மூட்டிய அடுப்பு ஊருக்கான அடுப்பாகிவிட்டது. அம்மா ஒரு கரண்டி வேண்டும் என்பாராம், மகன் பார்க்கலாம் என்பாராம். கொஞ்ச நாளில் யாரோ ஒருவர் ஒன்றுக்குப் பத்துக் கரண்டி அனுப்பிவைப்பாராம். அம்மாவின் மடி ஆசாரத்தையும் வெங்காயத்தின் மேல் அவருக்கிருந்த ஒதுக்கத்தையும் மகன் கேலி செய்வதும் உண்டு. அப்பளம் இடக் கூடமாட உதவி கேட்டபோது, மாவு பிசைவதற்குப் பதிலாக அவர் எழுதிக் கொடுத்ததுதான் அப்பளப் பாட்டு. உதவி கேட்ட அம்மாவுக்குப் பாட்டு! நம் வீடுகளில் என்றால் அப்பளக் குழவி பறந்திருக்கும்.

1922 மே 19-ல் அழகம்மாள் காலமானார். மலையடிவாரத்தில் அவர் சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ஆசிரமம் எழுந்தது. பாட்டு எழுதிக் கொடுத்த அதே மகன் பிற்பாடு வருஷக்கணக்கில் விடியற்காலையிலேயே அடுப்படிக்கு வந்து காய் நறுக்கினார், சட்னி அரைத்தார். தரையில் சிந்திய அரிசியையும் கடுகையும் பொறுக்கி எடுப்பார். கத்தரிக்காய்க் காம்பைக்கூட எறிய விடமாட்டார், அதையும் வேகவைத்துக் கறியாக்கச் சொல்வார். ராத்திரி மிஞ்சியது காலையில் சூடாகித் திரும்ப வரும். பஞ்சம் பார்த்த நம் பக்கத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை.

அந்த அடுப்படியில் அவரோடு நின்றவர்களில் சாந்தம்மாள், சம்பூரணம்மாள் போன்ற விதவைப் பெண்கள் பலர். சாந்தம்மாள் நம் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து போனவர். எச்சம்மாளோ, ஆசிரமத்தில் தினமும் அத்தனை பேருக்குச் சமையல் நடந்தபோதும் தன் வீட்டில் சமைத்துக் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. 1945-ல் அவர் காலமாகும் வரை அது நடந்தது.