உயிரேட்டை மொழிபெயர்த்த வரலாறு

தந்தையின் மூக்கும் தாயின் விழியும் குழந்தையிடம் வந்து அமைவதைக் கண்டு எல்லா நாட்டு மக்களும் எக்காலத்தும் வியந்திருக்கிறார்கள். அச்சாயல் எப்பொருளில் எழுதப்பட்டிருக்கிறது, யாரால் படிக்கப்பட்டு உடலாக உருப்பெறுகிறது என்னும் வினாவுக்கோ, எழுத்தெழுத்தாக விடை கிடைத்தது 1966ஆம் ஆண்டில்தான். விடை கண்டவர்களுள் ஒருவர் பஞ்சாபின் குக்கிராமம் ஒன்றில் பிறந்தவர்.

கதை 1869இல் தொடங்குகிறது. மீஷர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு இளைஞர், மருத்துவமனையில் கழித்த கட்டுத்துணிகளின் சீழிலிருந்து ஒரு புதுப்பொருளைப் பிரித்தெடுத்தார். இன்று டி.என்.ஏ. என்று நாம் வழங்குவது அதுவே. நெடுங்காலம் அதனை எவரும் பெரிதாக எண்ணவில்லை. பரம்பரைக் குணங்களைத் தாங்குவது புரதமாகவே இருக்கும் என்று பெரும்பாலோர் கருதினர். 1944இல் நியூயார்க்கில் ஏவரியும் அவருடைய தோழர் இருவரும் கிருமிகளைக் கொண்டு செய்த சோதனை அக்கருத்தை அசைத்தது. 1953இல் கேம்பிரிட்ஜில் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.யின் வடிவத்தை விளக்கினர். அதற்கு உறுதுணையாயிருந்த எக்ஸ்-கதிர்ப் படங்கள் லண்டனில் ரோசலிண்ட் பிராங்க்ளினின் ஆய்வில் கிடைத்தவை. வாட்சனும் கிரிக்கும் 1962இல் நோபல் பரிசு பெற்றபோது அவ்வம்மையார் உயிரோடு இல்லை. 1958இல், தம் 37ஆம் வயதில் மறைந்துவிட்டார்.

டி.என்.ஏ. என்பது முறுக்கிய இரட்டை இழை. அதில் அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்று நான்கே எழுத்துகள் உண்டு. ஓரிழையின் அடினினுக்கு எதிரே தைமினும், குவானினுக்கு எதிரே சைட்டோசினும் நிற்கும். ஆகவே இழைகள் பிரிந்தால், ஒவ்வொன்றையும் அச்சாகக் கொண்டு அதன் துணையிழையை வார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பிரதியிலும் ஓரிழை பழையது, மற்றது புதியது என்பதை 1958இல் மெசல்சனும் ஸ்டாலும் நிறுவினர்.

சேமிப்பும் நகலும் விளங்கின, பொருள் விளங்கவில்லை. உடலின் வேலைகளைப் பெரும்பாலும் செய்பவை புரதங்கள். அவை 20 வகை அமினோ அமிலங்களால் கோக்கப்பட்ட மாலைகள். நான்கெழுத்து மொழியில் எழுதியது இருபதெழுத்து மொழிக்கு எவ்வாறு மாறுகிறது? ஈரெழுத்துச் சொற்களானால் 16 சொற்களே அமையும். மூவெழுத்தானால் 64 அமையும்.

அரசாங்க அலுவலக முறை இங்கே நினைவுக்கு வருகிறது. மூல ஆவணம் காப்பறையை விட்டு வெளியே வருவதில்லை. வேண்டிய பக்கத்தின் நகலே வெளிச் செல்லும். அவ்வாறே டி.என்.ஏ. உயிரணுவின் உட்கருவில் தங்கிவிட, தூது ஆர்.என்.ஏ. என்னும் நகல் வெளியே செல்கிறது. இதில் தைமினுக்குப் பதிலாக யுராசில் என்ற எழுத்து வரும். அந்நகலைப் படிக்க இருமொழி அறிந்த ஒருவர் வேண்டுமல்லவா? ஒரு முனையில் மூவெழுத்துச் சொல்லை அறிந்து, மறுமுனையில் அதற்குரிய அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் சிறு ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் அப்பணியைச் செய்கின்றன. விஞ்ஞானிகளே இதற்கு 'மொழிபெயர்ப்பு' என்று பெயரிட்டிருப்பது, அத்தொழிலில் இருக்கும் என் போன்றோருக்குச் சற்றே பெருமை தருவது.

அகராதியின் முதற்சொல் 1961 மே மாதத்தில் கிடைத்தது. அமெரிக்காவில் நிரன்பர்க்கும் மத்தேயும் யுராசில் மட்டுமே தொடர்ந்து வரும் ஆர்.என்.ஏ.யை உயிரணுச் சாற்றில் இட்டார்கள். பினைல்அலனின் என்ற ஒரே அமிலத்தாலான மாலை கிடைத்தது. அவ்வாண்டு மாஸ்கோ மாநாட்டில் நிரன்பர்க் இதனை அறிவித்தபோது கேட்டவர் சிலரே. செய்தியறிந்த கிரிக், பேரவையில் அவரை மீண்டும் பேசச் செய்தார்.

எஞ்சிய சொற்களைக் காண்பதில் பெரும்பங்கு கொண்டவர் ஹர் கோவிந்த் குரானா. இன்று பாகிஸ்தானிலுள்ள ராய்ப்பூர் என்னும் சிற்றூரில் 1922இல் பிறந்தவர். தந்தை பட்வாரி, அதாவது நம் பக்கத்துக் கர்ணம். லாகூரிலும் லிவர்ப்பூலிலும் பயின்று 1949இல் தாயகம் திரும்பியவருக்குத் தக்க பணி கிடைக்கவில்லை. மீண்டும் கடல் கடந்தார். கேம்பிரிட்ஜ், வான்கூவர், விஸ்கான்சின் என்று அவர் பயணம் நீண்டது. யுராசிலும் சைட்டோசினும் மாறிமாறி வரும் இழையை அவர் ஆய்வுக்கூடத்தில் செய்தார். அதிலிருந்து செரினும் லூசினும் மாறிமாறி வரும் மாலை கிடைத்தது. சொல் ஈரெழுத்தாயின் ஒரே அமிலமே திரும்பத் திரும்ப வந்திருக்கும். மூவெழுத்தாயின்தான் இரண்டு மாறி வரும். 1966இல் அகராதி நிறைவுற்றது: 61 சொற்கள் அமிலங்களைக் குறிப்பன, 3 முற்றுப்புள்ளிகள். மொழிபெயர்க்கும் மூலக்கூறு ஒன்றின் 77 எழுத்துகளையும் 1965இல் வரிசைப்படுத்திய ஹாலி, நிரன்பர்க், குரானா மூவரும் 1968இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இதனால் விளையும் பயன் என்ன என்று வினவலாம். அரிவாள் உருச் சோகை என்னும் இரத்த நோயை எடுத்துக்கொள்வோம். அதற்குக் காரணம் மரபேட்டில் ஓரெழுத்துப் பிழை. அதனால் ஓர் அமிலம் மாறிவிடுகிறது. இந்நோய்க்குரிய குறை நீலகிரி மலைவாழ் மக்களிடையே இருப்பதை ஆய்வாளர்கள் 1952இல் அறிவித்தார்கள். மத்திய இந்தியப் பழங்குடியினரிடையேயும் அது பரவியுள்ளது. 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் மரபேட்டில் கைவைத்தே இதனைத் தணிக்கும் சிகிச்சைக்கு இசைவு தந்தன. பிறந்தபின் ஓய்ந்துவிடும் நற்குருதி மரபொன்றை அது மீண்டும் எழுப்புகிறது. ஆனால் அதன் விலை செல்வ நாடுகளுக்கே பெருஞ்சுமை. பிழை எங்கேயென்று படித்துவிட்டோம். திருத்தம் மலைக்குடிசை வரை சென்று சேரும் நாளில்தான் அம்மொழிபெயர்ப்பு முற்றுப்பெற்றது என்று நாம் சொல்லலாம்.