தொட்டிக்குள் கடல் மீன்கள்

1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்களுக்கென ஒரு பொதுக் காட்சிச்சாலை தோன்றிற்று. எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909இல் சென்னைக் கடற்கரையிலும் ஒன்று திறக்கப்பெற்றது. இரண்டாம் உலகப் போரில் அது மூடப்பட்டது.

எந்த மீனை எதனுடன் விடுவது என்பதே இத்தகைய இடங்களிலும் வீட்டுத் தொட்டியிலும் முதற் சிக்கல். கோப்புகளில் யான் ‘இணக்கமான’ என்றே மொழிபெயர்ப்பேன். மீன்களைப் பொறுத்தவரை ‘ஒன்றையொன்று தின்னாத’ என்பதே பொருத்தம். கடலில் விலகி ஓடித் தப்பும் மீனுக்குத் தொட்டியில் ஓடிடமில்லை. களவா தன் வாய்க்குள் அடங்குவதை விழுங்கும். கிளாத்தி அயல் மீனின் துடுப்பைக் கடிக்கும். வண்ணாத்தி மீன்களுட் பல, பவள உயிரிகளையே மேயும்.

கோமாளி மீனோ கடற்சாமந்தியின் நச்சுக் கரங்களிடையே ஒதுங்கி வாழ்வது. எங்கள் காரக்கோணத்திற்கு மேற்கே, விழிஞத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்தில், 1990களின் இறுதியில் இம்மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்தனர். வீட்டுத் தொட்டிக்கு வேண்டிய கோமாளி மீனைப் பவளப் பாறைகளிலிருந்து பிடித்துவருவதும் உண்டு. தொட்டியிலேயே பிறந்த குஞ்சு, சாமந்தி இல்லாமலும் வாழும்; இட்ட தீனியை உண்ணும். ஓரினத்துக் குஞ்சுகள் இரண்டைச் சேர்த்து விட்டால், மேலோங்கி வளர்வது பெண்ணாகும். மற்றது ஆணாக அடங்கியிருக்கும்.